ஒரு கூட்டுக்கு ஒரே அளவுத் தோட்டா

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பீன்ஸ் முடிந்துவிட்டது. கொடிகளைப் பிடுங்கி வேலியோரம் குவித்துக்கொண்டிருந்தபோது அண்ணி நடீன் தொலைபேசியில் அழைத்தார். அண்ணனோடு வேட்டைக்குப் போகும் வெல்டன் வந்து படகுக் கொட்டகையின் சாவியைக் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறான். சீசன் தொடங்கும் நாளன்று டன்லப் ஏரிக் கூட்டில் தானே போய் உட்காரப்போவதாகவும் சொல்லியிருக்கிறான்.

அந்தக் கூடு கார்லண்ட் அண்ணனுடையது. சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே பலகையால் கட்டி, வாத்துகளின் கண்ணுக்குப் படாதபடி நாணல் வேய்ந்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் காப்பாற்றி வந்த மறைவு. ஏரிச் சங்கத்தின் விதி தெளிவானது: தொடக்க நாளன்று சுடும் நேரம் பிறக்கும்போது உரிமையாளர் குடும்பத்தில் ஒருவராவது உரிமத்தோடும் துப்பாக்கியோடும் கூட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையெனில், முதலில் வந்து உட்காருபவனுக்கே கூடு. அண்ணனின் இடக்கையில் இப்போது இரண்டு விரல்கள்தான் இருக்கின்றன. இடக்கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. அவரால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது என்பதை வெல்டனைவிட நன்கறிந்தவன் யார்? ஜனவரியில் அண்ணனின் துப்பாக்கிக் குழல் வெடித்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனே அவன்தானே.

நான் ஒரு துப்பாக்கி வாங்கப்போகிறேன். ஐம்பத்து நான்கு வயதில், என் முதல் துப்பாக்கி.

ஆகஸ்ட் 23, சனி

அப்பாவின் பழைய இரட்டைக்குழலைப் போர்வையில் சுற்றி லொரீனிடம் கொண்டுபோனேன். அடகுக்கடையின் பின்பாதியில் முப்பது ஆண்டுகளாகத் துப்பாக்கி விற்பவர். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"இத வச்சா வாத்து சுடப்போறீங்க, புரொபசர்? வாத்துக்கு ஈய ரவை கூடாது, எஃகு ரவைதான். இது ஈயத்துக்குன்னு செஞ்ச குழல். எஃகப் போட்டீங்கன்னா முனை பாம்பு எலி முழுங்கின மாதிரி உப்பிடும். சுவத்துல மாட்டுங்க, அழகா இருக்கும்."

எவ்வளவு வைத்திருக்கிறேன் என்று கேட்டார். முந்நூறு டாலர் என்றேன். நான் கற்பித்த கல்லூரியை மே மாதம் இழுத்து மூடியதை ஊரே அறியும். அவர் புருவத்தைக்கூட அசைக்கவில்லை. அந்த விலைக்குத் தானியங்கி கிடைக்காது, ஒவ்வொரு முறையும் முன்பிடியை இழுத்துத் தள்ளும் பம்ப் துப்பாக்கிதான்; அதுவும் பழையது, மூன்றங்குலத் தோட்டா கொள்ளக்கூடியது, சேற்றில் விழுந்தாலும் வேலை செய்வது. பிறகு எந்தக் கையால் எழுதுவேன் என்று கேட்டார். இடது என்றேன்.

"அப்ப பாதிக் கடை போச்சு."

விசையைத் தடுக்கும் பூட்டுப் பொத்தான் பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கு வாகாகவே இருக்குமாம். பொருத்தமாக ஏதாவது வந்தால் சொல்வதாக அனுப்பிவைத்தார்.

ஆகஸ்ட் 24

வெல்டனின் வண்டி அண்ணன் வீட்டு வாசலில் நின்றது. நான் நிறுத்தாமல் ஓட்டிச் சென்றேன்.

செப்டம்பர் 6, சனி

லொரீனின் மேசையில் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று இருபது கேஜ். இலேசானது, விலையும் குறைவு. மற்றது பன்னிரண்டு, கனமானது, அடிப்பகுதியில் யாரோ கத்தியால் பெயர் செதுக்கிப் பிறகு சுரண்டியிருக்கிறார்கள். கேஜ் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும் என்பதை இன்றுதான் அறிந்தேன். இருபதைத் தோளில் வைத்துப் பார்த்தேன். சுகமாக இருந்தது. அதையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன்.

"அந்தக் கூட்டுல வழக்கமா என்ன சுடறாங்க?"

பன்னிரண்டு என்றேன்.

"அப்ப இத உங்களுக்கு விக்க மாட்டேன். ஒரு கூட்டுக்கு ஒரே அளவுத் தோட்டாதான்."

காரணத்தைச் சொல்லவில்லை, செய்து காட்டினார். இருபது கேஜ் தோட்டா ஒன்றை எடுத்தார். மஞ்சள் நிறம். எந்த நிறுவனம் செய்தாலும் இருபதுக்கு மஞ்சள்தானாம், இதற்காகவே. பன்னிரண்டின் குழலுக்குள் அதைப் போட்டார். அது வழுக்கிக்கொண்டு போய்ச் சிறிது தூரத்தில் சிக்கி நின்றது.

"இப்ப பின்னாடியிருந்து பாருங்க. அறை காலி. இருட்டுல கையுறையோட போட்டா மஞ்சளாவது சிவப்பாவது. விசைய இழுத்தா டிக்குன்னு மட்டும் கேக்கும். சொத்தைத் தோட்டான்னு நெனச்சு அதுக்குப் பின்னாலயே நல்லதா ஒண்ணு போடுவீங்க."

அந்த இரண்டாவது வெடித்தால், வழியடைத்த குழல் பிடித்திருக்கும் கையிலேயே பிளக்கும். அதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விபத்து என்று மட்டும் எட்டு மாதங்களாக எங்களுக்குச் சொல்லப்பட்டதன் உள்ளமைப்பு அந்த மேசைமேல் கிடந்தது.

அந்தக் கூட்டில் இருந்தவர்கள் இருவர். அண்ணனிடம் பன்னிரண்டைத் தவிர வேறு துப்பாக்கி கிடையாது. வெல்டனின் மகள் ஷெல்பி இருபது கேஜ் சுடுகிறவள். அவளை அதே கூட்டுக்கு அவன் அழைத்துவந்த நாட்களும் உண்டு. எனவே மஞ்சள் தோட்டா யார் பையிலிருந்து வந்தது? இருபத்தாறு ஆண்டுகள் தர்க்கம் கற்பித்தவனுக்கு இதற்குக் கரும்பலகை தேவையில்லை.

எட்டு மாசமா அந்த ஆளு எங்க அண்ணன் மேசையில உக்காந்து சோளரொட்டி தின்னுட்டுப் போறான். ஒரு வார்த்தை சொன்னானா? ஒரு வார்த்தை?

செப்டம்பர் 9

ஏரிச் சங்கத்துக்கு எழுதினேன். மூன்று பக்கம். வசைச்சொல் ஒன்றுகூட இல்லை; தேவைப்படவில்லை. அஜாக்கிரதையால் ஒரு மனிதனின் கையையும் கண்ணையும் பறித்தவனை ஏரியிலிருந்து விலக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அண்ணனிடம் கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்றிருப்பார். அவருடைய மென்மையை நம்பித்தானே அவன் இத்தனை நாள் வாழ்கிறான்.

செப்டம்பர் 13

வேட்டைப் பாதுகாப்புத் தேர்வை இணையத்தில் எழுதித் தேறினேன். பத்து வயதுக் குழந்தைகளுக்கான பாடம். கேள்வி 31: இருபது கேஜ் தோட்டாவின் நிறம் என்ன?

செப்டம்பர் 20, சனி

அந்தப் பன்னிரண்டையே வாங்கினேன். பொத்தான் அடிக்கட்டையின் முதுகில் இருப்பதால் எந்தக் கைக்கும் உதவும். மூன்று தோட்டாக்களுக்குமேல் கொள்ளாதபடி உள்ளே மரக்குச்சி செருகியிருப்பதை லொரீன் கழற்றிக் காட்டினார். வாத்து வேட்டையில் அதற்குமேல் சட்டம் அனுமதிக்காது.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் உட்கார்ந்து, இரண்டு விரல்களால் அவித்த வேர்க்கடலையை உடைக்கப் பழகிக்கொண்டிருந்தார். துப்பாக்கியைக் காட்டினேன்.

"யாருக்கு?"

எனக்குத்தான், கூட்டை நான் காப்பாற்றுகிறேன் என்றேன். மகிழ்வார் என்று எண்ணியிருந்தேன். கடலையைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியையே பார்த்திருந்தார்.

"இப்ப வாங்கறியா," என்றார். பிறகு, "எடுத்து உள்ள வையிடா. கண்ணு முன்னாடி வேணாம்."

வெடித்ததன் நினைவு அவரை வதைக்கிறது. அதற்கும் ஒருவன் கணக்குத் தீர்க்க வேண்டும்.

அக்டோபர் 3

களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகினேன். இருபத்தைந்தில் நான்கு. தோள் கருநீலமாகிவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

விசாரணை தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் நடந்தது. மடக்கு நாற்காலிகள், பதினோரு உறுப்பினர்கள். என் கடிதத்தைத் தலைவர் வாசித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அண்ணன் வரவில்லை. இப்படியொன்று நடப்பதே அவருக்குத் தெரியாது.

வெல்டன் தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டான். மறுப்பான் என்று எதிர்பார்த்து எட்டுக் கேள்விகள் தயாரித்து வைத்திருந்தேன். தலைவர் கேட்டதும் எழுந்து நின்றான்.

"ஆமா. தோட்டா என் பையிலேருந்து வந்ததுதான். வேற ஏதாவது கேக்கணுமா?"

தலைவர் தீர்ப்பை அறிவித்தார். இந்த சீசன் முழுவதும் அவன் டன்லப் ஏரியில் கால்வைக்கக் கூடாது. எட்டுக் கேள்விகளும் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டன. வெளியே வந்தபோது அவன் தன் வண்டியின் கதவைத் திறந்தபடி என்னை ஒருமுறை பார்த்தான். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்திருந்தால் நான் இப்போது தூங்கப் போயிருப்பேன்.

ஒத்துக்கொண்டவனிடம் வெற்றி பெறுவதில் ஏதோ குறைகிறது. ஏன்?

அக்டோபர் 16

அண்ணிக்குச் செய்தி எட்டிவிட்டது. தொலைபேசியில் ஒரே வாக்கியம்: "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க, தம்பி." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

அக்டோபர் 26

இரண்டு ஞாயிறுகளாக அண்ணன் வீட்டிலிருந்து மதிய உணவுக்கு அழைப்பில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

அழைக்காமலே போனேன். அண்ணன் கூடத்தில் இருந்தார். தலையைத் திருப்பவில்லை. அண்ணி படுக்கையறைக்குள் சென்று, அலமாரியின் அடியிலிருந்து நீளமான உறை ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

இருபது கேஜ் பம்ப். நன்றாக எண்ணெயிடப்பட்டிருந்தது. பூட்டுப் பொத்தான் மாற்றி அமைக்கப்பட்டிருந்தது, இடக்கைக்காரருக்கு வாகாக.

எங்கள் குடும்பத்தில் இடக்கைக்காரன் நான் ஒருவன்தான்.

"ஷெல்பியோடது," என்றார் அண்ணன், ஜன்னலைப் பார்த்தபடி. "அவளும் ஒன்ன மாதிரி இடக்கை. டிசம்பர்ல வெல்டன் கிட்டேருந்து வாங்கினேன். நீ முப்பது வருஷமா வரேன் வரேன்னு சொல்லிட்டிருந்தே. துப்பாக்கி இல்லன்னு ஒரு சாக்கு சொல்லுவே. அந்தச் சாக்கும் இல்லாமப் பண்ணிடலாம்னு."

சீசன் முடியுமுன் என்னை ஒருநாள் அழைத்துப்போவதாகத் திட்டம். பத்தாம் தேதி சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் அதைச் சுட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று தோட்டாக்கள் மிஞ்சின. கோட்டுப் பையில் போட்டார். மறுநாள் விடியுமுன் அதே கோட்டோடு கூட்டுக்குப் போயிருக்கிறார்.

ஜனவரி பத்தாம் தேதி. அன்றிரவு தொலைபேசியில் அழைத்து, நாளைக்கு வாடா என்றார். புதிய பருவத்துக்குப் பாடத்திட்டம் எழுத வேண்டும் என்றேன். நாலு மாசத்துல இழுத்து மூடப்போற காலேஜுக்குப் பாடத்திட்டம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ ஒன்னையே தின்னுடுவே. வெல்டன்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன், யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு. கூட்டுல அவனே மொதல்ல போய் உக்காந்து பாத்துக்கணும், என் கையிலேருந்து போயிடக்கூடாதுன்னும் சொன்னேன். அவன் ரெண்டையும் காப்பாத்தினான்."

அலமாரியில் ஒரு துப்பாக்கி. தர்க்கத்தில் பிழையில்லை. அண்ணனிடம் வேறு துப்பாக்கி கிடையாது என்ற முதல் கூற்றுதான் பொய்.

நவம்பர் 3

சங்கத்துக்கு இரண்டாவது கடிதம். நான் இதுவரை எழுதிய கடிதங்களில் மிகக் குறுகியது. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நவம்பர் 7

தடையை நீக்கிவிட்டார்கள். தலைவர் என்னுடன் கை குலுக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வெல்டன் வீட்டுக்குச் சென்றேன். முன்வாசலில், வாத்துகளை ஏமாற்ற ஏரியில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளை வரிசையாக வைத்து, ஆண்வாத்துகளின் தலைக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடி சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தயாரித்து வந்ததில் பாதிகூட வரவில்லை.

"மொதல் லெட்டர் ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க," என்றார். "தலைவர்கிட்ட கேட்டு வாங்கி, வீட்ல வச்சு இன்னொரு தடவை படிச்சேன்."

இரண்டாவதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அது சங்கத்துக்கு வந்தது. எனக்கு இல்ல."

தூரிகையைக் கழுவ உள்ளே போனார். நான் படியிறங்கினேன்.

நவம்பர் 15

லொரீன் பன்னிரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார், ஒரு பைசா பிடிக்காமல். மஞ்சள் பெட்டி ஒன்றை, எஃகு ரவைதானா என்று இருமுறை பார்த்து, என் முன் வைத்தார். "கடைக்கு வர்றதுக்கு முன்னாடி வீட்ல ஒருவாட்டி தேடியிருக்கலாம், புரொபசர்," என்றார். கேலியாகத்தான் சொன்னார். இருவரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 29, சனி

சூரிய உதயம் 6:47. சுடும் நேரம் அதற்கு அரைமணி முன்பு.

அண்ணன் வருவதாகச் சொன்னார். படகில் ஏற நான் தோள் கொடுத்தேன். ஏரிமேல் மெல்லிய பனியேடு, படகின் முனையில் நொறுங்கிக்கொண்டே வந்தது. கூட்டின் நாணல் முழுவதும் புதிதாக வேயப்பட்டிருந்தது. இற்றுப்போன பலகையும் மாற்றப்பட்டிருந்தது. சாவி எதற்கு என்பதை இப்படித்தான் அறிந்தேன்.

ஆறு மணிக்கு ஒரு படகின் ஓசை. வெல்டன். அண்ணன் தோளில் கைவைத்துவிட்டு உள்ளே ஏறினார். என்னைப் பார்க்கவில்லை. விளக்கை ஏற்றி, தன் கோட்டுப் பைகளை ஒவ்வொன்றாகப் பலகைமேல் கவிழ்த்தார்: வாத்துகளை அழைக்கும் ஊதுகுழல், கையுறை, கடலைப் பொட்டலம், பன்னிரண்டு கேஜின் ஆறு சிவப்புத் தோட்டாக்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பையைக் காட்டுங்க."

கவிழ்த்தேன். இந்த நாட்குறிப்பு, ஒரு பென்சில், மஞ்சள் தோட்டாக்கள் மூன்று.

அவர் தோட்டாக்களை எண்ணினார். பிறகு தன் சிவப்புத் தோட்டாக்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி, துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு இறங்கி, இரண்டையும் தன் படகில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். வெறுங்கையோடு பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். நடுவில் அண்ணன்.

வாத்துகள் இரண்டுமுறை வந்தன. வெல்டன் ஊதுகுழலால் அவற்றை இறக்கித் தந்தார். நான் மூன்று தோட்டாக்களையும் சுட்டேன். எதுவும் விழவில்லை. "பின்னால சுடறே," என்றார் அண்ணன், மிஞ்சிய கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். வெல்டன் குனிந்து, விளக்கடித்து, தரையில் கிடந்த மூன்று காலி உறைகளையும் தேடி எடுத்தார். என் துப்பாக்கியை வாங்கிக் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு உறைகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார்.

"மூணு," என்றார்.

என்னிடம் அவர் பேசியது இன்று அவ்வளவுதான்.