கிருமி என்று நான் சொன்னது

11.8.1987, செவ்வாய்

டாக்டர் ஆங்கிலத்தில் பேசினார். என் கணவருக்கு நான்தான் தமிழில் சொன்னேன். சிகரெட், குடி எதுவும் இல்லாத மனுஷனுக்கு உணவுக்குழாயில் ஏன் புற்றுநோய் என்று கேட்டேன். வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள், இன்னும் எதுவும் நிச்சயமில்லை என்றார். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. "ஏதோ கிருமியா இருக்கலாமாம்" என்றேன். அதற்குள் நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். மீதியைச் சொல்லாமலே எழுந்தேன். பாவி.

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் டம்ளரையும் துண்டையும் ஜன்னலோரம் தனியாக எடுத்து வைத்தார். மீனா மடியில் ஏற வந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. "கிட்ட வராத லா, அம்மாகிட்ட போ" என்று தள்ளிவிட்டார்.

"அது ஒட்டிக்கிற கிருமி இல்லைங்க. நிச்சயமே இல்லைன்னுதான் டாக்டர் சொன்னாரு."

"அப்ப அங்கேயே ஏன் சொல்லல? இப்ப எனக்காகப் பொய் சொல்ற."

எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை. கஞ்சித் தண்ணீரும் மைலோ பானமும் தவிர எதுவும் இறங்காத தொண்டை அது. இன்னும் எத்தனை நாள் மடி இருக்கும் அவளுக்கு?

சாயங்காலம் அவர் பாதி குடித்து வைத்த மைலோவை எடுத்து, அவர் கண்ணெதிரே குடித்து முடித்தேன். கத்தப் பார்த்தார். குரல் வரவில்லை. டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

மீனா வாசற்படியில் நின்று, "நானும் குடிக்கட்டுமா, அப்பா?" என்றாள்.

காலி டம்ளர்தான். அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.