கொண்டைக்கு அடங்காத ஹெல்மெட்

ஏங்க,

நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். சைக்கிள்லதான். ஹெல்மெட் போடல. சோறு அடுப்பு மேல மூடி இருக்கு.

"ஹெல்மெட் இல்லன்னா சைக்கிளைத் தொடாதே"னு நேத்தும் குதிச்சீங்க. அது என் கொண்டை மேல உட்காரவே மாட்டேங்குது. கொண்டையை அவுத்தா முடி கண்ணை மறைக்குது. நீங்க அதை வாங்கிட்டு வந்த நாள்லேர்ந்து ஹெல்மெட் ஆணியில தொங்குச்சு, சைக்கிள் சுவத்துல சாஞ்சு கிடந்துச்சு. தலை பத்திரமாத்தான் இருந்துச்சு, நான்தான் எங்கேயும் போகல.

முட்டையெல்லாம் ஹெல்மெட்டுக்குள்ள வச்சிருக்கேன். பார்த்து எடுங்க.

பின்குறிப்பு: அவ்வளவு பயமா இருந்தா, அதை நீங்க மாட்டிக்கிட்டு என் பின்னாடி வாங்க. உங்க சைக்கிளுக்கும் காத்தடிச்சு வச்சிருக்கேன்.