அனுப்புநர் என்ற கட்டம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு சின்ன விஷயம். எங்கள் மாநகராட்சித் தபால் பிரிவுக்கு மாநில அரசிடமிருந்து இன்று வந்த உறையில் 'மேயர்' என்று இல்லை, 'ஆணையர்' என்று இருந்தது. பம்ப் ஹவுஸுக்குப் புது மோட்டார் வாங்க நிதி கேட்டு மூன்று வருடமாக எழுதுவது மேயர். 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரிப் பதிலும் மேயர் பெயருக்குத்தான் வரும். போன வருடத்து உறைக்கு எண் போட்டவளே நான்தான். அதற்கு முந்தையதையும் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். இந்தத் தடவை மட்டும் கேட்டது ஒருவர், பதில் இன்னொருவருக்கு.

தலைமை எழுத்தரிடம் காட்டலாம் என்று எழுந்தேன். "என்னம்மா?" என்று நிமிர்ந்தார். "ஒண்ணுமில்ல சார்" என்று உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தெரியாதா உனக்கு.

சாயங்காலத்துக்குள் விஷயம் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டது. மோட்டாருக்குப் பணம் உண்டாம். ஆனால் பம்ப் ஹவுஸ் ஆட்கள் நாற்பத்திரண்டு பேரும் ஜூன் முப்பதுக்குள் ஒரு விருப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். 'மாநகராட்சியிலேயே இருக்கிறேன்', அல்லது 'அமையவிருக்கும் நீர் வாரியத்துக்குப் போகிறேன்'. ஒரு தடவை போட்டால் மாற்ற முடியாது. வாரியம் எங்கே இருக்கும், சம்பளம் யார் தருவார்கள், நாம் குடியிருக்கும் பம்ப் ஹவுஸ் வீடு யாருக்குப் போகும், எதுவும் அதில் இல்லை. எல்லாம் மசோதாவில் இருக்கிறதாம். மசோதா சட்டசபைக்கு வருவது ஜூலையில்.

அப்பா படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே ஸ்பேனரை வைத்திருக்கிறார். அதைச் சுற்றித்தான் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம்.

நீ அரசு அச்சகத்தில் மசோதாக்களுக்குப் பிழை திருத்தும் பிரிவில்தானே இருக்கிறாய்? உன் கண்ணில் ஏதாவது பட்டதா? போனில் கேட்டால் எனக்கு வாய் வராது, நீயும் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன்
பூச்சி


ஜூன் 8

என் வாயில்லாப் பூச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகாகிக்கொண்டே போகிறது. பதிவேடு எழுதுகிற கை.

நீ கேட்டதை மட்டும் கேட்காதே. எங்கள் அறைக்கு வெளியே பூட்டு இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் பையைச் சோதிப்பார்கள். நேற்று காவலர் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதையா தினமும் சாப்பிடறே?" என்று பாவப்பட்டார். உள்ளே நான் சத்தமாக வாசிப்பேன், எதிரே இருக்கிறவர் மூலப்படியில் விரல் வைத்துப் பார்ப்பார். முற்றுப்புள்ளி, கால்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளியே வந்தால் ஒரு வார்த்தை கிடையாது. சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்பாவை அவசரப்பட வேண்டாம் என்று சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்காதே என்று எழுதியதிலேயே ஏதோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பொறியாளர், வாரியத்துக்குப் போனால் எங்கே வேண்டுமானாலும் தூக்கி அடிப்பார்கள் என்கிறார். எலக்ட்ரீஷியன் மாமா, மாநகராட்சியில் இருந்தால் சம்பளமே வராது என்கிறார். நேற்று மேயர் படியில் நின்று ஆணையரிடம் போட்ட சத்தம் தபால் பிரிவு வரை கேட்டது. "மூணு வருஷமா ஒரு மோட்டாருக்குக் கெஞ்சறேன் சார்! கேட்டது மோட்டாரு. அவங்க எடுத்துக்கறது பம்ப் ஹவுஸையா?" ஆணையர், "மேலிடத்து உத்தரவு மேடம்" என்றார். மேலிடம் என்றால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

அப்பா 'மாநகராட்சி' என்று எழுதப் போகிறார். "இந்த வீடு மாநகராட்சி வீடு. நான் அந்தப் பக்கம் போனா வீட்ட விடச் சொல்லுவான். நீ எங்க போவ?" என்கிறார். நான்தான் காரணம் என்றால் எனக்கு எப்படி இருக்கும் சொல்.

நீ ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். அப்பா நினைப்பது தப்பு என்றால் அடுத்த கடிதத்தின் மூலையில் ஒரு புள்ளி வை. யாருக்குத் தெரியப்போகிறது?

பூச்சி


ஜூன் 15

பூச்சிக்கு,

புள்ளி வைக்க மாட்டேன். மூலையில் பேனா தவறிப் பட்டாலும் இந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதுவேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

உன் தாளின் நான்கு மூலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சந்தோஷம்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது யாராவது படிப்பை விட்டு வீட்டில் நிற்க வேண்டும் என்று அப்பா சொன்னார். நான் ஒன்பதாவது, நீ பள்ளியில் கடைசி வருடம். "நான் நின்னுக்கறேன்" என்றேன். நீ தலையைக் குனிந்து புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் நின்றிருப்பேன். ஆனால் நீ சொல்லவில்லை. அன்றும் வாயைத் திறக்கவில்லை, இன்றும் திறக்கவில்லை. என்னைப் போய் வாயில்லாப் பூச்சி என்கிறாய்.

எங்கள் தலையெழுத்து உன் மேஜையில் கிடக்கிறது. நீ அதில் கால்புள்ளியைச் சரிபார்த்துக்கொண்டிரு.

அப்பா இருபத்தெட்டாம் தேதி கையெழுத்துப் போடுகிறார்.


ஜூன் 21

என் பூச்சிக்கு,

கீழே பெயர்கூடப் போடாமல் அனுப்பியிருந்தாய். நான்கு தடவை படித்தேன்.

நீ எழுதியது சரி. அன்று நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குப் படிக்க ஆசையாக இருந்தது, வாயைத் திறந்தால் நீ ஒருவேளை சரி என்றுவிடுவாயோ என்று பயமாகவும் இருந்தது. வேறு காரணம் சொன்னால் பொய்.

இப்போதும் மசோதாவைப் பற்றி ஒரு எழுத்து சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பார்சலில் ஒரு புத்தகம் இருக்கிறது. மாநகராட்சிகள் சட்டம், பழசு. எங்கள் அச்சக வாசலிலேயே கவுண்டரில் விற்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வாங்கலாம், யாரும் வாங்குவதில்லை. போன வருடம் மறுபதிப்புக்கு அதை முழுக்கச் சத்தமாக வாசித்தவள் நான். பிரிவு 74-ஐப் பார். ஒரு மாநகராட்சி மன்றத்தின் சொத்தையோ ஊழியரையோ தொடும் மசோதா என்றால், அந்த மன்றம் தீர்மானம் போட்டு வரைவைக் கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்கும்வரை அது சம்பந்தமான கெடு எதுவும் ஓடாது. நம் மேயர் வருடாவருடம் நிதி கேட்டார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

பக்க அடையாளத்துக்கு வேறு எதுவும் கிடைக்காமல் வாங்கிய ரசீதையே அங்கே வைத்திருக்கிறேன். மேயர் கையில் சேர்ப்பது உன் பாடு. எனக்குத் தெரியும், உனக்கு அது மலை. ஆனால் அப்பா இருபத்தெட்டாம் தேதி என்று எழுதியிருக்கிறாய்.

உன் அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் இருபத்து மூன்றாம் தேதி வந்தது. பிரிவு 74-ஐப் படித்தேன். புரியவில்லை. மறுபடி, நீ வாசிப்பதுபோல் கால்புள்ளியோடு சத்தமாகப் படித்தேன். புரிந்தது.

மாடிப்படி வரை இரண்டு தடவை போனேன். இங்கே சேர்ந்து ஒன்றரை வருடத்தில் அந்தப் படியில் நான் கால் வைத்ததில்லை. ஃபைல்களை எடுத்துப் போக மாடி அண்ணன் இருக்கிறார். மேலே போய் என்ன சொல்வேன்? மூன்றாவது தடவை போகாமல் என் மேஜையிலேயே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். புத்தகத்துக்கு வரவுப் பதிவேட்டில் எண் போட்டேன். 'விவரம்' கட்டத்தில் 'சட்டப் புத்தகம் ஒன்று, ரசீது ஒன்று, பிரிவு 74, மேயர் பார்வைக்கு, அவசரம்' என்று எழுதி, சிவப்பு நாடா கட்டி மாடி அண்ணனிடம் கொடுத்தேன். எண் போட்ட தபாலை யாரும் ஓரமாக வைக்க முடியாது. அது மேஜைக்குப் போயே தீரும்.

அரை மணி நேரத்தில் மேயரே இறங்கி வந்தார்கள். கையில் புத்தகம். "இத யாரு அனுப்புனது?" எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் போல் கையைத் தூக்கினேன். "நீயா? எனக்குச் சட்டம் படிக்கிற மூணு அதிகாரிங்க இருக்காங்க. தபால் பொண்ணா கண்டுபிடிக்கணும்?" தலைமை எழுத்தர் இருமினார். பதிவேட்டைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். படித்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

நேற்று அவசரக் கூட்டம். தீர்மானம் நிறைவேறி, இணைப்புகளோடு இன்று என் கையாலேயே தபாலில் போனது. கெடு நின்றுவிட்டது. அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். படிவம் மேஜையிலேயே பறந்துகொண்டிருக்கிறது.

பதினேழாம் தேதி எழுதியதைக் கிழித்துவிடு.

உன் பூச்சி


ஜூலை 6

என் பூச்சிக்கு,

கிழிக்கவில்லை. பெட்டியில் இருக்கிறது.

ஒரு சேதி. பதறாதே. உங்கள் தீர்மானத்தோடு வரவுப் பதிவேட்டின் பக்கமும் நகலெடுத்து இணைப்பாகப் போய், அரசிடமிருந்து எங்கள் மேலாளர் கைக்கு வந்திருக்கிறது. அதில் 'அனுப்புநர்' கட்டத்தில் நீ என் பெயரையும் 'அரசு அச்சகம், மசோதாப் பிரிவு' என்பதையும் எழுதியிருக்கிறாய். அழகான எழுத்து, எங்கள் மேலாளரே சொன்னார். பிறகு, "உன் தங்கச்சியா?" என்றார். "ஆமா சார்" என்றேன்.

மசோதாவில் இருப்பதை நான் வெளியே சொல்லித்தான் நீங்கள் கேட்டீர்கள் என்று நினைக்கிறார்கள். அனுப்பியது கடையில் வாங்கிய புத்தகம் என்றேன். ரசீதைக் காட்டு என்றார்கள். கவுண்டரில் கேட்டேன். ரசீதுகளின் அடிக்கட்டைகள் மாதம் முடிந்ததும் கிடங்குக்குப் போய்விடுமாம். அதிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்க யாருக்கும் நேரமில்லை. பதினைந்தாம் தேதி விசாரணை.

அதுவரை என்னை நாட்காட்டிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். எல்லா ஞாயிறும் சிவப்புதான். கொட்டாவியோடு சரிபார்க்கிறேன்.

நீ வருத்தப்படாதே. அந்தக் கட்டத்தை நீ காலியாக விட்டிருக்க முடியாது, பொய்யும் எழுதியிருக்க மாட்டாய். அப்பாவிடம் சொல்லாதே.

அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

மசோதா நகல் ஒன்பதாம் தேதி வந்துவிட்டது. இந்தத் தடவை உறையில் 'மேயர்' என்று இருந்தது.

அப்பா அதை பம்ப் ஹவுஸில் நின்று எல்லோருக்கும் வாசித்தார். மோட்டார் சத்தத்தில் கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. பம்ப் ஹவுஸும் குடியிருப்புகளும் தொண்ணூறு நாளில் வாரியத்துக்குப் போகின்றன. மாநகராட்சியில் இருக்கிறேன் என்று எழுதுபவருக்கு வீடு கிடையாது. அவர்களுக்கு இங்கே வேலையும் இல்லை, உபரிப் பட்டியலில் போவார்கள். அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தெட்டாம் தேதி கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பட்டியலில் அப்பா இருந்திருப்பார். முப்பத்தொன்பது பேர் வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவும்தான். நாளைக்கே வேறு ஊருக்கு அனுப்பலாம், அதுவும் அதில் இருக்கிறது. புது மோட்டார் வருகிறது. வாரியத்தின் பெயர் போட்டு வருமாம். "யார் பேரு இருந்தா என்ன, தண்ணி மேல ஏறினா சரி" என்றார் அப்பா. பிறகு சாயங்காலம் வரை பழைய மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உன் கடிதம் நேற்று வந்தது. உட்கார முடியவில்லை. முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன். 'பம்ப் ஹவுஸ் அப்பாவின் மூத்த மகள்' என்று எழுதியிருந்தால்கூடப் பொய் ஆகியிருக்காது. உன் பெயரையும் பிரிவையும் முழுசாக எழுதினேன். எனக்கு அது பெருமையாக இருந்தது அக்கா. அதனால்தான் எழுதினேன்.

ரசீது புத்தகத்தில் இருந்தது, புத்தகம் ஃபைலில், ஃபைல் மேயர் மேஜையில். பதிவேட்டில் எண் போட்டு இதைக் கேட்க முடியாது, அப்படிக் கேட்டால் நான்கு நாளாகும். மாடி அண்ணன் விடுப்பில் இருக்கிறார். தலைமை எழுத்தர், "நாளைக்குப் பாக்கலாம்மா" என்றார்.

பேனாவை மூடி வைத்தேன். மாடிப்படி பதினெட்டு. மேயர் அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். "என்னம்மா?" என்று மேயர் கேட்டார்கள்.

"மேடம், உங்க ஃபைல்ல எங்க அக்காவோட ரசீது இருக்கு. அது எனக்கு இப்பவே வேணும்" என்றேன்.

உன் பூச்சி

இணைப்பு: ரசீது ஒன்று