அம்மாவோடு மூன்று ரவுண்டு

கெலமங்கலம்,
18.12.2025

அன்பு மகள் காவியாவுக்கு,

அப்பா எழுதுவது. கையில் போன் இருக்கும்போது இந்த மனுசனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது உன் அம்மா போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முதலில் படிப்பவளும் அவள்தான். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டுமென்றால் எனக்குத் தபால்தான் கதி. கம்பெனி வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தே எழுதுகிறேன். ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுவதால் வரி கோணலாகத்தான் போகும். பொறுத்துக்கொள்.

பாட்டியாலா பாக்ஸிங் கேம்பில் குளிர் கடுமை என்று சொன்னாய். அம்மா ராகி மாவும் எள்ளுருண்டையும் பார்சல் அனுப்பியிருக்கிறாள். கேம்பில் களி கிண்டவா விடுவார்கள் என்று நான் கேட்டேன். கஞ்சியாவது காய்ச்சிக் குடிக்கட்டும் என்றாள். முழங்கை வீக்கம் வற்றியதா என்பதை மட்டும் மறக்காமல் எழுது. போனில் கேட்டால் எப்போதும் நல்லாருக்கு என்றுதான் சொல்கிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விழாக் கமிட்டியில் இருக்கும் ரத்தினவேல் அண்ணன் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ அவரிடம் போனில் சொன்னதைச் சொன்னார். ஜனவரி கடைசி ஞாயிறு கம்பெனி குடும்ப விழாவில் அம்மாவோடு மூன்று ரவுண்டு ஆட ஒத்துக்கொண்டாயாம். ஆனால் அம்மாவை அடிக்க மாட்டாயாம். இரண்டு ரவுண்டு சும்மா சுற்றி வந்துவிட்டு, மூன்றாவதில் அம்மா கை லேசாகப் பட்டதும் விழுந்துவிடப் போகிறாயாம். 'தங்கமான புள்ள, பெத்தவளுக்கு எம்புட்டு மரியாதை பாத்தீரா' என்று அவர் உருகிவிட்டார். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே நடக்கும் கூத்து உனக்கு முழுசாகத் தெரியாது. நவம்பரில் நீ மாநில ஹெவிவெயிட் பட்டம் வாங்கியதும் கம்பெனி கேட்டில் உன் படம் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள் இல்லையா, அதற்கு மறுநாள் கேன்டீன் போர்டில் யாரோ உன் அம்மாவின் பழைய பேப்பர் கட்டிங்கை ஒட்டிவிட்டார்கள். சேலத்தில் அவள் இதே பட்டத்தை வாங்கியபோது வந்த படம். இரட்டைச் சடையும் கையில் கோப்பையுமாக, சிரிக்கத் தெரியாமல் நிற்கிறாள். அன்று மதியம் ஒரு மணிக்குக் கிளம்பும் இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸில் ஆரம்பித்தது பேச்சு. அந்த மாதேஸ்வரியும் இந்தக் காவியாவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று.

ரத்தினவேல் அண்ணன்தான் மூட்டிவிட்டவர். 'உலகம் பூராம் அலியும் டைசனும் மோதினா யாரு ஜெயிப்பான்னு அடிச்சுக்கிடுதானுவ. ஒரு காலமும் தெரியாது. நமக்குத்தான் பழைய சாம்பியனும் புது சாம்பியனும் ஒரே வீட்டுல ஒரே கொழம்ப ஊத்தித் திங்காவ. எறக்கிப் பாத்துருவமே' என்றார். அவ்வளவுதான், பஸ் இரண்டாகப் பிரிந்தது. வலது பக்க சீட்டெல்லாம் அம்மா கட்சி, இடது பக்கம் உன் கட்சி. இடம் இல்லாமல் மாறி உட்கார்ந்தவனைக் கட்சி மாறி என்று திட்டுகிறார்கள்.

பேக்கிங் செக்‌ஷன் சாந்தம்மா உன் அம்மா கட்சிக்குத் தலைவி. சின்ன வயசில் தக்காளிப் பெட்டியை இடது தோளில் வைத்து மேடு ஏறியவளின் இடது கை, பட்டால் எழுந்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்கிறாள். குவாலிட்டியில் இருக்கும் வெங்கட் உன் ஆள். உன் ஆட்ட வீடியோக்களைப் போனில் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறான். உன் கால் நகர்வது அம்மா காலத்தில் யாருக்கும் தெரியாதாம், உன் கை நீளத்தைத் தாண்டி அவள் உள்ளே வரவே முடியாதாம். ஐம்பத்தெட்டு வயதில் டைசனே ரிங்கில் ஏறவில்லையா, அக்காவுக்கு நாற்பத்திரண்டுதானே என்றாள் சாந்தம்மா. ஏறினார், தோற்றுவிட்டு இறங்கினார் என்றான் அவன். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பெண்டாட்டி ஒரு தட்டிலும் பெண் ஒரு தட்டிலும் இருந்தால் டிரைவர் வாயைத் திறக்கலாமா?

உன் அம்மா முதல் ஷிப்டுக்குக் காலை பஸ்ஸில் போகிறவள் என்பதால் இதெல்லாம் அவள் காதுக்கு வராது என்று நினைத்தார்கள். போன வாரம் புதன்கிழமை அவள் முதுகுவலி என்று சொல்லி இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போனாள். அரை நாள் பர்மிஷன். மதிய பஸ்ஸில் ஏறி, துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியில் நான் மட்டும் பார்த்தேன். வெங்கட்டுக்கு அன்று பேச்சு கூடிவிட்டது. 'அந்தக் காலத்துல பொண்ணுங்க ஹெவிவெயிட்ல மொத்தமே மூணு பேருதாங்க. ரெண்டு பேர அடிச்சா கப்பு. இதுல என்ன சாம்பியன்னு பேசிக்கிட்டு' என்றான். நான் ஹாரனை இரண்டு முறை அடித்தேன். அவன் நிறுத்தவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் டிவி பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். தலை நிமிராமல் கேட்டாள். 'ஏங்க, நான் நெசமாலுமே நல்லா ஆடுனனா, இல்ல ஆளில்லாம ஜெயிச்சனா?' என்று. எனக்கு என்ன தெரியும் காவியா. அவள் சேலத்தில் ஆடியபோது நான் அவளைப் பார்த்ததுகூட இல்லை. நல்லாத்தான் ஆடியிருப்பாய் என்றேன். 'ஆடியிருப்பே' என்று நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லாமல் போனதற்குக் காரணம் நான். இதை இதுவரை உன்னிடம் நாங்கள் சொன்னதில்லை. அம்மாவுக்கு நேஷனல் செலக்‌ஷனில் இடம் கிடைக்கவில்லை என்றுதான் உனக்குத் தெரியும். கிடைத்தது. கல்யாணம் ஆகி மூன்றாம் மாதம் நேஷனல் ஆட வரச்சொல்லி கார்டு வந்தது. வடக்கே எங்கோ, மூன்று நாள் ரயில். கிருஷ்ணகிரி கோச்சே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா பையில் துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, போகட்டுமா என்று என்னைக் கேட்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. உன் இஷ்டம் என்றேன். சொல்லிவிட்டு, போட்ட சோற்றைப் பாதியில் வைத்து எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். காலையில் பை காலியாக ஆணியில் தொங்கியது.

நான் தடுக்கவில்லையே என்று இருபது வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நீ பிறந்தாய், உனக்கு அவளே முதல் கிளவுஸ் வாங்கிக் கொடுத்தாள், உன்னை விடியற்காலையில் கிருஷ்ணகிரி பஸ் ஏற்றிவிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். புதன்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்கும் வரை.

வெள்ளிக்கிழமை அவளே போய்க் கமிட்டியில் பெயர் கொடுத்துவிட்டாள். முதுகுவலியும் பொய். அவள் கம்பெனிச் சட்டைப் பையில் இஎஸ்ஐ சீட்டைப் பார்த்தேன், பிரஷர் பார்த்து, ஈசிஜி எடுத்து, ஆடலாம் என்று டாக்டரம்மா எழுதியிருக்கிறார். இன்னும் கேள். தினமும் காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் கயிறு குதிக்கிறாள். முதல் நாள் பதினாலு குதித்துவிட்டு நின்றாள். படுத்தபடியே எண்ணினேன். இன்று இருநூறைத் தாண்டிவிட்டாள். கீழ்வீட்டுத் தங்கமணி அக்கா வந்து, மேலே என்னதான் இடிக்கிறீர்கள், சுவரில் காரை உதிர்கிறது என்று சண்டை பிடித்தது. மிளகாய் இடித்தேன் என்று உன் அம்மா கூசாமல் சொன்னாள். பரணிலிருந்து பழைய கிளவுஸை இறக்கிக் கோணி ஊசியால் தைத்து வைத்திருக்கிறாள். டீக்குச் சர்க்கரை போடுவதில்லை. தீர்ந்துவிட்டது என்கிறாள், டப்பாவை ஆட்டினால் சத்தம் கேட்கிறது. எனக்கும் சேர்த்துத்தான் இந்தத் தண்டனை.

நான் எதையும் கண்டுகொண்டதாகக் காட்டவில்லை. கண்டுகொண்டால் வெட்கப்பட்டு விட்டுவிடுவாளோ என்று பயம். ஐந்து மணிக்கு அந்தச் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு இப்போது விடிவதில்லை. உன் அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும், காவியா. இதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை, உனக்கு எழுதுகிறேன் பார்.

அப்படிப்பட்டவள் முன்னால் நீ வேண்டுமென்றே விழுந்தால் என்ன ஆகும்? கூட்டத்துக்குத் தெரியாது. விசில் அடிப்பார்கள், சாந்தம்மா ஆடுவாள். உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நீ கீழே விழுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அவளைக் கேட்காமல் நான் ஒருமுறை அவள் ஆட்டத்தை முடித்துவைத்தேன். பாசத்தில் என்றாலும் நீ செய்யப்போவதும் அதேதான். நான் செய்தது போதும் கண்ணு.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. அவளுக்கு நாற்பத்திரண்டு, உனக்குப் பத்தொன்பது. எடை மட்டும்தான் கிட்டத்தட்ட சமம். தலைக்குக் கவசம் உண்டு, பெரிய கிளவுஸ், இரண்டு நிமிஷ ரவுண்டு, கிருஷ்ணகிரி கோச்தான் நடுவர். எவ்வளவு வேகத்தில் போடலாம், எங்கே போடக்கூடாது என்பது என்னைவிட உனக்குத் தெரியும். அதில் நான் தலையிட மாட்டேன். நான் கேட்பது இவ்வளவுதான். அவள் கை வந்தால் வாங்கிக்கொண்டு நிற்காதே, தடு. அவள் கை விலகி இடம் கிடைத்தால் பார்க்காததுபோல் இருக்காதே, போடு. அவள் நன்றாக ஆடினால் அது உன் உடம்பில் பட்டு உனக்குத் தெரியட்டும். ஆடவில்லை என்றாலும் அதை நீதான் அவளுக்குச் சொல்ல முடியும். பஸ்ஸில் இருக்கும் நாற்பத்தெட்டு பேரும் சொல்ல முடியாது, நானும் முடியாது. இரண்டில் எதுவானாலும் அவள் தாங்குவாள். தெரியாமல் இருப்பதைத்தான் இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறாள்.

அவள் மூலையில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கச் சாந்தம்மாவைக் கேட்டிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், அதனால் வருத்தமில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என் ஓட்டு எந்தப் பக்கம் என்று பஸ்ஸில் தினமும் கேட்கிறார்கள். இதுவரை சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன், உன் அம்மாவுக்குத்தான். கோபித்துக்கொள்ளாதே. நேஷனலில் உனக்குக் கத்த நாடே இருக்கிறது, அவளுக்காக நான் ஒருமுறைகூடக் கத்தியதில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. ஞாயிறு போனில் ஒன்றும் காட்டிக்கொள்ளாதே. பொங்கலுக்கு வரும்போது ரயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வா, காதில் குளிர் ஏறினால் உனக்கு உடனே காய்ச்சல் வரும்.

எப்போதும் உன் கை ஓங்கியே இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிடுகிறேன். அன்றைக்கும்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் உனக்குக் கை வராது. அழுகை வரும். அழ வேண்டுமானால் மூன்றாம் ரவுண்டு மணி அடித்த பிறகு, அவளைக் கட்டிக்கொண்டு அழு. அதுவரை நானும் அடக்கிக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் கோரும்
அப்பா,
மா. சென்னப்பன்