முனிரத்தினத்துக்குப் போட்ட சீட்

அன்புள்ள முனிரத்தினம் பாவா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. காலை வண்டி இன்னும் அதே நேரத்துக்குத்தான் திருத்தணியை விட்டுக் கிளம்புகிறது, அதாவது கொஞ்சம் தாமதமாக. ஜன்னலோரத்தில் உனக்கு இன்னும் கர்ச்சீப் போடுகிறேன். கிருத்திகைக்கு மறுநாள் மொட்டைத்தலையும் சந்தனமுமாக யாராவது வந்து "இங்க ஆள் வராங்களா?" என்று கேட்டால், தினமும் ஒன்றாக ரயிலேறும் நம் கோஷ்டி ஒரே குரலில் "ஆங், வராரு" என்கிறது. அரக்கோணம் வரை அந்தப் பொய் தாங்கும். அங்கே ஏறுகிற கூட்டம் ஆவிகளுக்கு மரியாதை தருவதில்லை.

நீ இருந்தால் இதற்கும் ஒரு சரித்திரம் சொல்வாய். வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்டது நம் பஞ்சைத் துறைமுகத்துக்கு ஏற்றவும் அவன் ஊர்த் துணியை இங்கே இறக்கவும்தான் என்பாய். அதில் பள்ளிப்பட்டில் உன் முன்னோர் தறி படுத்தது. அதே தண்டவாளத்தில் நீ தினமும் சென்னைக்குப் போய், ஜவுளிக்கடையில் எவரோ எங்கோ நெய்த சேலைகளை உதறிக் காட்டி மடித்து வைத்தாய். "ஒரே ரயில்ல ரெண்டு தபா ஏமாந்தது நம்ம ஆளுங்கதான் பாவா. ஆனா சீசன் டிக்கெட் குடுத்துக்கீறான், அதச் சொல்லணும்."

ரயில் வந்தால் சாதி போய்விடும் என்று அந்தக் காலத்தில் படித்தவர்கள் சிலர் நம்பினார்களாம். பெஞ்சு வரைக்கும் போயிற்று. என் வீட்டில் உன் வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். வண்டிக்குள் மட்டும் மைத்துனன் முறை: நீ எனக்குப் பாவா, நான் உனக்குப் பாவா. உன் மனைவி சரளா என்னை அண்ணே என்று கூப்பிட்டதும் அந்த முறையில்தான்.

சரித்திரம் போதும். அன்று காலை நீ வழக்கமான பஸ்ஸில் வரவில்லை. வண்டி கிளம்பும் நேரம் நான் போன் செய்தேன். "ஸ்டேஷனாண்ட வந்துட்டேன், ஓடியாந்துகினு இருக்கேன்" என்றாய். வண்டி அந்தக் கடைசி பிளாட்பாரத்தில் நின்றது. உனக்கு மேம்பாலம் ஏறி இறங்க நேரமில்லை. நான் சொன்னதை எழுதியே ஆக வேண்டும்.

"பாலம் ஏறாத பாவா, குறுக்க எறங்கி வந்துடு. சீட் போட்டுக்கீறேன்."

நடுப் பாதையில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸைத் தினமும் பார்க்கிறவன் நான். அன்றும் அது வந்தது.

காரியத்தன்று சரளா கேட்டாள், கடைசியாக என்னோடுதானே பேசினார், என்ன பேசினார் என்று. சீட் போட்டிருப்பதாகச் சொன்னேன் என்றேன். பொய்யில்லை. பாதி உண்மையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் ஒரு வருஷம் ரயிலில் போய்வர முடியும், பாவா. பரிசோதகர் எவரும் அதைக் கேட்பதில்லை.

போன வாரம் வண்டி கிளம்பும்போது என் கட்டைவிரல் பழக்கத்தில் உன் எண்ணை அழுத்திவிட்டது. மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். உன் எண்ணைச் சரளா உயிரோடு வைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்? சக்கரச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"அன்னிக்கு சாப்ட்டுத்தான் போகணும்னு நான்தான் நிறுத்தி வெச்சேன் அண்ணே. ஒரு பஸ்ஸ உட்டாரு. ரெண்டு இட்லிக்காக ஆளையே அனுப்பிட்டேன்."

நீ போன நாளிலிருந்து அவள் காலையில் அடுப்பு பற்றவைப்பதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள். உட்காராமலே முழுவதையும் சொன்னேன், மேம்பாலம் உட்பட. எதற்கும் ஒரு நக்கல் கைவசம் வைத்திருக்கிற எனக்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் காதில் விழவில்லையோ, இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்தேன்.

"அப்ப இட்லியால இல்ல" என்றாள்.

பிறகு, "கெளம்புங்க சார்" என்றாள்.

பஸ் பாதி வழி வந்த பிறகுதான் அந்தச் சார் என் மேல் விழுந்தது.

நான் சொல்லாவிட்டாலும் நீயாகக் குறுக்கே இறங்கியிருப்பாயோ? இதை உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும். நீ பதில் சொல்லப்போவதில்லை என்கிற தைரியத்தில் கேட்கிறேனோ என்னவோ.

அவளாகக் கூப்பிடும்வரை மன்னிப்பு கேட்டு அந்த வாசலில் போய் நிற்க மாட்டேன். நீ எப்படிச் செத்தாய் என்று எவர் கேட்டாலும், குறுக்கே வரச் சொன்னவன் நான் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

நீ வேண்டாம் என்று சொல்லும்வரை,
உன் பாவா