சைபர் போடாத கட்டம்

பாப்பு,

இன்று பெட்டியைத் துடைக்கும்போது உன் காக்கி அட்டை நோட்டு அகப்பட்டது. பாச்சா உருண்டை வாசனை. ஐந்தாவதோடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். "0 என்றால் இல்லை. 8 என்றால் கேட்கவில்லை. 9 என்றால் சொல்லவில்லை."

எழுபதுகளின் கடைசியில், குமாரபாளையத்துத் தறிக்காரர் வீடுகளில் விவரம் எடுக்க வந்து என்னோடு தங்கினாய். தெருவை முடித்துவிட்டு என் முன்னால் தாளோடு உட்கார்ந்தாய். கூடப் பிறந்தவளிடம், "உங்க பேருங்க?" என்று ஆரம்பித்தாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தறி எத்தனை, ஆள் எத்தனை, எல்லாம் கேட்டாய். குழந்தைகள் எத்தனை என்ற இடத்தை மட்டும் உன் பேனா தாண்டிப் போனது. பிறந்து இருபது நாளில் இறந்துபோன என் மகனை நீயும் மடியில் வைத்திருந்தவள்தானே.

மறுநாள் உன் மேலதிகாரி, "கட்டம் காலியா இருந்தா கணக்குப் போடுற மெஷின் ஏத்துக்காதும்மா, சைபர் போடு" என்று சொல்லிவிட்டார். நீ சோற்றைத் தொடவில்லை.

"சைபர் போட்டா அவன் பொறக்கவே இல்லைன்னு ஆயிருமுங்க அக்கா."

"அப்பக் கேளு சாமி. நான் சொல்றேன்."

கேட்டாய். "பெத்தது ஒண்ணு. இப்ப இல்ல" என்றேன். அந்தக் கட்டத்தின் நடுவே கோடு கிழித்து இரண்டாக்கினாய்: பிறந்தது, இருப்பது.

சைபர் விழுந்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி நடந்தோம். நான் முதலில் என் மகன் பெயரைச் சொல்வேன். முன்பு "இல்லீங்க" என்று கதவோரம் நின்றவர்களில் சிலர், உட்கார்ந்து அவரவர் பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள்.

எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், எப்படிக் கேட்டோம் என்று எழுதி, தாள்களோடு அதையும் அனுப்ப வேண்டும் என்று மேலதிகாரியிடம் பிடிவாதமாக நின்றாய்.

"இதை யாரும்மா படிக்கப் போறாங்க?"

"நம்மளத் தெரியாதவங்க படிப்பாங்க சார்."

முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒரு படி தாள்களோடு போனது. இன்னொன்று இதோ, என் கையில்.

யாராவது "இல்லை" என்று சொன்னால் நான் இப்போதும் கொஞ்சம் காத்திருக்கிறேன். பல சமயம் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. உன்னிடமிருந்து வந்த பழக்கம்.

நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. இன்று காலை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண், "கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?" என்றாள். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, "நாளைக்குச் சொல்லுங்க" என்றாள்.

நாளைக்கு நான் என்ன சொல்லட்டும், பாப்பு?