கச்சானைக் கொண்டலாக்கிய ஏழு மொழிக்காரன்

ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது: உன் லேப்டாப்பின் அரைப்புள்ளிப் பொத்தான் இன்று காலை பதினொன்றே காலுக்குக் காலமானது. நீ தட்டித் தட்டித் தேய்த்தே கொன்ற பொத்தான் அது. நல்லடக்கம் என் மேசை டிராயரில், பேனா மூடிகளுக்குப் பக்கத்தில், எளிமையாக நடந்தேறியது.

எழுதிவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. போன மார்கழியில் இதே மாதிரி வரிகளைப் போட்டுத்தான் உன் தெருச் சுவரெல்லாம் உன் படத்தை ஒட்டியிருந்தார்கள். துறைமுக ரோட்டில் அந்த லாரி உன் பைக் மேல் திரும்பி ஏழு மாதம் ஆகிறது. உன் புரோகிராமுக்கு மட்டும் அது தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, மறுநாள் காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று பார்த்து, உன் அப்பாவோடு சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கும் உன் அம்மாவுக்கும் போனில் மெசேஜ் போடும். அதுவும் உன் வாயாலேயே சொல்லும். "நாளைக்குக் கச்சான் காத்து போடு போடுன்னு போடும். கடலு கலங்கிக் கெடக்கும். பேசாம வீட்ல கெடங்க." ஒவ்வொரு காற்றுக்கும் நீ முன்கூட்டியே எழுதி வைத்த ஏச்சு அது. உன் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அஞ்சு மணிக்கு எல்லோர் சட்டைப் பையிலும் ஒரே நேரத்தில் போன் அதிர்ந்தது. யாரும் தொடவில்லை. உன் அம்மா மட்டும் எடுத்துப் படித்துவிட்டு "சரிய்யா" என்று பதில் போட்டார்கள். அன்றிலிருந்து தினமும் போடுகிறார்கள்.

நம் சண்டை உனக்கு நினைவிருக்கும். காலேஜுக்குப் போகும் சாயர்புரம் பஸ்ஸில் கடைசி சீட்டு. கம்ப்யூட்டர் மொழிகளில் உனக்குத் தெரிந்தது சி ஒன்றுதான். நான் சும்மா விடுவேனா? "உன் மொழிக்குப் பென்ஷனே வந்துருக்கும்லே. நான் பாரு, கோ படிச்சேன், கோவம் வந்துச்சு, விட்டேன். ரஸ்ட்டத் துருவித் துருவிப் படிக்கேன். மொத்தம் ஏழு."

நீ ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய். "ஏழு கடல்லயும் காலத்தான் நனைச்சிருக்க. எங்கப்பா ஒரே கடல்லதான் முங்குதாரு, தெரியும்லா?"

"ஒங்கப்பாவுக்கு வேற கடலு கெடைக்கல."

"போலே, வயக்காட்டுப் பயலே."

ஸ்ரீவைகுண்டத்துக்காரனுக்கு நீ வைத்த பட்டம். வாய்க்கால் தண்ணீர் தவிர வேறு தண்ணீரின் குணம் எனக்குத் தெரியாது என்பாய். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உன் வீட்டில் அந்தப் புரோகிராமை ஓட்டிக்கொண்டிருந்த உன் லேப்டாப் போன வாரம் படுத்துவிட்டது. இரண்டு நாள் செய்தி போகவில்லை. மூன்றாம் நாள் உன் அம்மா கூப்பிட்டார்கள்.

"எய்யா, அவன் மெசேஜு வரலையே."

அந்தக் குரலுக்கு முன்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நாளைக்கே புதுசா எழுதிருதேன்மா. எனக்கு ஏழு மொழி தெரியும்லா."

"ஏழா? அவனுக்கு ஒண்ணுதாம்ய்யா தெரியும்."

பைத்தானில் எழுதினேன். இரண்டு மணி நேரம்தான். சோதனைக்காக உன் அப்பாவுக்கு மட்டும் அனுப்பினேன். உடனே போன்.

"தம்பி, ஆடி மாசம் கெழக்க இருந்து கொண்டலு அடிக்கும்னு போட்டிருக்க. வெளிய வந்து மூஞ்சியக் காட்டு. மேக்க இருந்துலா கச்சான் அடிக்கி?"

மொழிதான் சரியில்லை என்று முடிவு கட்டி, கோ மொழியில் எழுதினேன். கொண்டல். ரஸ்ட்டில் எழுதினேன். அதுவும் கொண்டல். மூன்று மொழியிலும் ஒரே பொய்யைப் பிழையில்லாமல் சொன்னேன். உன் அப்பா மூன்றாம் தடவை சிரிக்கவில்லை. "தப்பா வாரதுக்கு வராமலே இருக்கட்டும்ய்யா. அவ நம்பிருவா" என்றார்.

அதற்குப் பிறகுதான் வேறு வழியில்லாமல் உன் லேப்டாப்பை வாங்கி வந்து, எப்படியோ உயிர் கொடுத்து, உன் புரோகிராமைத் திறந்தேன். திசையைக் கணக்கிடும் இடத்துக்கு மேலே, கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பாக, நீ எழுதியிருந்தாய்: "காத்து போற எடத்த வச்சி இல்ல, வார எடத்த வச்சித்தான் பேரு. வயக்காட்டுப் பய இதத் தொட்டா மாத்திப் போட்டுருவான்."

பட்டப்பகல். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நீ எனக்காகவே அதை எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன் என்றால் சிரிப்பாய். பார்த்தேன்.

காற்று மேற்கிலிருந்து வருகிறது என்ற தகவலை மேற்கே போகிறது என்று படித்திருக்கிறேன். அதை மூன்று தடவை, மூன்று மொழியில் படித்திருக்கிறேன்.

நேற்று அஞ்சு மணிக்குச் செய்தி போயிற்று. கச்சான். உன் அம்மா "சரிய்யா" போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"அவன் வாய் அப்படியே இருக்குய்யா. எப்படி எழுதுன?"

"ஏழு மொழி தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் தூசும்மா" என்றேன். "நல்லாருய்யா" என்றார்கள்.

நான் எழுதவில்லைலே. ஒரு எழுத்துகூட மாற்றாமல் உன்னுடையதை அப்படியே என் லேப்டாப்புக்கு ஏற்றி ஓடவிட்டேன். அவ்வளவுதான் என் வித்தை. அந்த ஏழில் மூன்றில் தட்டுத்தடுமாறி எழுதுவேன். மீதி நாலில் திரையில் "வணக்கம்" காட்டியதோடு சரி. பல மொழி படிப்பதில் லாபம் உண்டா என்று நீ இப்போது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஒன்றைக்கூட உருப்படியாகப் படிக்காதவன் எப்படிச் சொல்வான்?

இன்று காலையிலிருந்து உன் சி புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்து மூன்றாம் வரியில் நிற்கிறேன். அது எதற்கென்று புரியவில்லை. கேட்கவும் ஆளில்லை. பஸ்ஸில் பயல்களிடம் எட்டாவது மொழி ஆரம்பித்துவிட்டேன் என்று அளந்துவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே. எனக்கு இதுதான் முதலாவது.